டெல்லி அறியாத தேக்சாக்காரர்

"சேக் முகைதீன்னு ஒருத்தன் ராஜபாளையத்துல இருக்கான்னே டெல்லி வரிக்காரனுக்குத் தெரியாது. நாளைக்கே தெரிஞ்சாலும், அவனுக்குத் தெரிஞ்சதுக்குத்தான் எங்கிட்ட பதிலு. தெரியாத ஒத்த ரூவாய என் வாயால சொன்னேன்னா, அன்னைக்கே இந்த மீசைய எடுத்துருதேன்!"

மம்சாபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டில், கொதித்துக்கொண்டிருந்த மூன்று தேக்சா பிரியாணியைச் சாட்சியாக வைத்து, சேக் முகைதீன் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டார். சமையல் மாஸ்டர் ஐயாதுரையும் அவருடைய ஆட்கள் நால்வரும் அப்போது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து பேர் கண்ணிலும் நீர் வழிந்தது. தம் பேச்சின் வலிமை அப்படி என்று சேக் முகைதீன் எடுத்துக்கொண்டார்.

மீசை சாதாரண மீசை அன்று. இரண்டு நுனியும் மேல்நோக்கி, சற்றே கோபித்துக்கொண்டது போல் நிற்கும். அதற்கென்று தனிச் சீப்பு உண்டு. ஐம்பத்து நான்கு வயதில் தலைமுடி அவரைக் கைவிட்ட பிறகு, முழுக் கவனமும் அங்கேயே போயிற்று.

தொழில், விசேஷ வீடுகளுக்குப் பாத்திரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுவது. ஐம்பது கிலோ அரிசி வேகிற தேக்சா முதல் ரசக் கரண்டி வரை அவரிடம் இல்லாதது இல்லை. ராஜபாளையத்தில் ஆரம்பித்து பிளவக்கல் அணைக்கட்டுப் பக்கம் வரைக்கும், சேக் முகைதீன் பெயர் பொறித்த பாத்திரத்தில் சோறு வேகாமல் எந்தப் பிள்ளைக்கும் கல்யாணம் நடந்ததில்லை என்பது அவர் கட்சி. அதில் பாதி உண்மை. அந்தப் பாதியே பெரிய விஷயம்தான்.

இப்படி ஊரெல்லாம் பெயரைப் பொறித்துவிட்டு, டெல்லிக்கு மட்டும் தெரியாது என்று அவர் எப்படி நம்பினார் என்று கேட்கலாம். காரணம் இருந்தது. பத்து வருடத்துக்கு முன் லோடு ஆட்டோ வாங்கும்போது பான் கார்டு கேட்டார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் எழுதிப் போட்டார். அந்த சென்டர்காரர், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று, தம்முடைய போன் நம்பரையும் தம்முடைய இமெயிலையும் விண்ணப்பத்தில் போட்டுவிட்டார். பிறகு சென்டர் மூடி, ஜூஸ் கடை ஆயிற்று. சென்டர்காரர் திருப்பூர் போய்விட்டார். டெல்லி மட்டும் சளைக்காமல், 'அன்புள்ள வரி செலுத்துபவரே' என்று அந்த முகவரிக்கு வருடா வருடம் எழுதிக்கொண்டிருந்தது. ஒன்றும் தம் கைக்கு வராததால், டெல்லி தம்மை அறியாது என்று சேக் முகைதீன் முடிவு கட்டினார்.

கார்டு மட்டும் அவருடைய சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது. லேமினேஷன் செய்த கார்டு. அதற்கு அவர் ஒரு உபயோகம் கண்டுபிடித்திருந்தார்.

அந்த வட்டாரத்தில் கல்யாண நகை எடுக்கப் போகும்போது வீட்டு ஆட்கள் மட்டும் போவதில்லை. கூட ஒரு பெரிய மனுசர் வேண்டும். செய்கூலி, சேதாரம் என்று கடைக்காரர் ஆரம்பிக்கும்போது, "அட, என்னங்க நீங்க" என்று ஒரு அதட்டல் போட ஒருவர் வேண்டும். பாத்திரம் பேசி முடித்த கையோடு, "பாய், நகைக்கடைக்கும் ஒரு எட்டு வந்துருங்க" என்பார்கள். பாய் வருவார். அதட்டுவார். ஐந்நூறு ரூபாய் குறையும். ஆளுக்கொரு கலர் சோடா வரும். பாய்க்கு முதலில் வரும்.

பில் இரண்டு லட்சத்தைத் தாண்டியதும் கவுண்டரில் பான் கார்டு கேட்பார்கள். உடனே பெண் வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். சிலரிடம் கார்டே இருக்காது. சிலர் வீட்டில் பீரோவுக்குள் இருக்கும். மீதிப் பேர், காட்டினால் என்ன வருமோ என்று பயந்தவர்கள். அப்போதுதான் சேக் முகைதீன் மீசையை ஒருமுறை தடவிவிட்டுக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து, கண்ணாடி மேசைமேல் வைப்பார்.

"எம்பேர்ல போடுங்க."

அந்த ஒரு நொடிக்காகத்தான் அவர் நகைக்கடைக்கே போனார் என்றால் தப்பில்லை. பெண்ணின் தகப்பனார் நெகிழ்ந்துபோவார். கடைக்காரர் எழுந்து நிற்பார். மூன்று வருடத்தில் ஏழு கல்யாணத்துக்கு இப்படி அந்தக் கார்டு எழுந்தருளியது. டெல்லிக்குத் தெரியக்கூடாத மனிதர், தம் நம்பரை ஏழு தடவை தம் கையாலேயே கொடுத்தார். இதில் முரண் எதுவும் அவர் காணவில்லை. கார்டு வேறு, கணக்கு வேறு.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், போன ஐப்பசியில், குடோன்காரர் பாண்டிதுரை ஒரு குண்டைப் போட்டார்.

பாண்டிதுரை மகாராஜபுரத்துக்காரர். பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தவர். ராஜபாளையத்தில் அவருக்கு இருந்த ஒரே சொத்து, சேக் முகைதீனின் பாத்திரங்கள் குடியிருந்த அந்தக் குடோன். இருவரும் மாமன் மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"மாப்ள, குடோன விக்கப்போறேன். இருவத்திநாலு லச்சம். சீவில்லிபுத்தூர் பால்கோவாக்காரர் ஒருத்தரு கேட்டுக்கிட்டே இருக்காரு. ஆனா மொதப் பேச்சு ஒமக்குத்தான். தை பொறந்தா எனக்குத் துட்டு வேணும். அதுக்கு மேல ஒரு நா தாங்க மாட்டேன்."

சேக் முகைதீன் கையில் ஒன்பது லட்சம் இருந்தது. பதினைந்து வேண்டும். குடோன் போனால் இருநூறு தேக்சாவும் மூவாயிரம் நாற்காலியும் தெருவில் நிற்கும்; வேறு இடம் அந்த வாடகைக்கு ஊருக்குள் கிடையாது. அவர் கலங்கினாரா என்றால், இல்லை. மீசையைச் சீவிக்கொண்டு பேங்குக்குப் போனார்.

பேங்கு மேனேஜர் விக்னேஷ்வரன் நல்ல மனிதர். அவர் கல்யாணத்துக்குப் பாத்திரமே பாய் கொடுத்ததுதான்.

"மூணு வருச இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன் கொண்டாங்க பாய். மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

"அதெல்லாம் எதுக்கு சார்? இருநூறு தேக்சா கெடக்கு. நேர்ல வந்து எண்ணிப் பாத்துக்கிடுங்க."

"தேக்சாவப் போட எங்க கம்ப்யூட்டர்ல எடமில்ல பாய்."

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். அவர் மனைவி அப்ரோஸ் பேகம்தான் வாடகை ஆர்டர்களைப் போனில் எடுப்பவர். எந்த தேக்சா எந்த ஊரில் நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது ஒரே வாக்கியம்.

"டெல்லிக்குத் தெரியாதவுகள பேங்குக்கும் தெரியாதாமோ?"

மறுநாள் இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினார்கள். அங்கே ஒரு பால்கோவாக் கடை மாடியில் மாரிச்செல்வியின் அலுவலகம். வருமான வரி எழுதுகிற வேலை. ஊர் அவரை ஆடிட்டரம்மா என்றது. 'நான் ஆடிட்டர் இல்லை' என்று சொல்லிச் சொல்லி அலுத்து, இப்போது அவரும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். கீழே பால் சுண்டும் வாசனை மாடிவரை ஏறி, அங்கே வருகிற கசப்பான சேதிகளை எல்லாம் கொஞ்சம் சமாளிக்கும்.

பழைய போன் நம்பரை எடுத்துவிட்டுப் புது நம்பர் போடவே ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு, ஒருவருடைய கார்டு நம்பரில் வருடம் முழுக்க எங்கெங்கே என்னென்ன நடந்தது என்று வரித்துறை தொகுத்து வைத்திருக்கும் பட்டியலை மாரிச்செல்வி திறந்தார். மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"பாய், ஒங்களுக்கு எத்தன பொம்பளப் புள்ளைய?"

"ஒண்ணுகூட இல்லம்மா. ரெண்டும் பயலுவ. ஒருத்தன் துபாய்ல, ஒருத்தன் காலேஜுல."

"மூணு வருசத்துல ஏழு தடவ நகை எடுத்திருக்கியளே. ரொக்கமா. முப்பத்திநாலு லச்சத்துக்கு."

சேக் முகைதீன் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், பக்கத்து நாற்காலி அவர் பக்கமாகத் திரும்பியது.

"முப்பத்திநாலு லச்சமா?" என்றார் அப்ரோஸ் பேகம். குரல் மிகவும் தணிவாக இருந்தது. "ரெண்டு பவுன்ல வளையல் கேட்டு மூணு வருசமாச்சு. தொழில் டல்லுன்னிய. யாருக்கு எடுத்துக் குடுத்திய?"

"ஏய், என்ன பேச்சு பேசுத? ஊர்ப் புள்ளைய கல்யாணத்துக்கு…"

"ஊர்ப் புள்ளையளுக்கா?"

"நகைய நான் குடுக்கல. கார்டத்தான் குடுத்தேன்!"

மாரிச்செல்வி பால்கோவா வரவழைத்தார். வேறு வழி தெரியவில்லை. அதைச் சாப்பிட்டுக்கொண்டே ஏழு கல்யாணக் கதையையும் பாய் சொல்லி முடித்தார். கேட்கக் கேட்க மனைவியின் முகம் தெளிந்தது. மாரிச்செல்வியின் முகம் வாடியது.

"இப்படியே ரிட்டர்ன் போட்டா, இம்புட்டு நகைக்குத் துட்டு எங்கேந்து வந்துச்சுன்னு கேப்பாங்க பாய். ஒவ்வொண்ணுக்கும், 'இது என்னுது இல்ல, இன்னாருது'ன்னு அவிய கார்டு நம்பரப் போட்டுச் சொல்லணும். ஏழும் வேணும். கடைசி வருசத்துக்கு டிசம்பர் முப்பத்தொண்ணு கெடு. முந்துன ரெண்டு வருசமும் எப்பவோ கெடு தாண்டியாச்சு. அதுக்கு வரி, வட்டி, அதுபோக அபராதமாட்டம் மேல்வரி. ஒண்ணுக்குக் கால் பங்கு, இன்னொண்ணுக்கு அரைப் பங்கு."

"அம்புட்டுத்தானே?" என்றார் சேக் முகைதீன். "ஏழு நாள்ல ஏழு நம்பரும் ஒங்க மேசைல இருக்கும்."

இதை அவர் வீம்புக்குச் சொல்லவில்லை. வாடகைக்குப் போன கரண்டி ஒன்று குறைந்தாலும், வீட்டு வாசலில் போய் நின்று, காபியும் குடித்து, கரண்டியோடு திரும்புகிறவர் அவர். கொடுத்ததைத் திரும்ப வாங்குவதில் முப்பது வருட அனுபவம். லோடு ஆட்டோவில் ஏறி ஊர் ஊராகப் புறப்பட்டார். எங்கே போனாலும் முதலில் பெண்ணின் சௌக்கியம் கேட்டார். பிறகு பேரப்பிள்ளையைக் கொஞ்சினார். அதன் பிறகுதான் கார்டு. இரண்டு பேர் அதற்காகவே புதிதாகக் கார்டு எடுத்துக் கொடுத்தார்கள். ஐந்தே நாளில் ஆறு நம்பர் வந்துவிட்டது.

ஏழாவது, பாண்டிதுரை.

ஆம், அவரேதான். மகள் இசக்கியம்மாளுக்குப் பதினோரு பவுனில் ஆரம் எடுத்த அன்று, அவருடைய கார்டு மகாராஜபுரத்தில் டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. ராணுவ பென்ஷன் வாங்குகிறவரிடம் கார்டு இல்லாமலா இருக்கும்? எடுத்து வரத்தான் மறந்துபோனார், அல்லது மறக்கப் பிரியப்பட்டார்.

"அதெல்லாம் தர முடியாது மாப்ள," என்றார் பாண்டிதுரை, மகாராஜபுரத்து வீட்டில் கட்டில்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு. "நம்பரக் குடுத்தா பொறவு எங்கிட்டல்லா கேப்பான், ரொக்கம் ஏதுன்னு?"

"வயல வித்த துட்டுன்னு பத்திரத்தக் காட்டும். நேர்மையான துட்டுதான மாமா?"

"நேர்மையான துட்டுதான். ஆனா நான் எதுக்குப் போய்க் காட்டணும்?"

"நீரு நம்பர் தராட்டி ரிட்டர்ன் இல்ல. ரிட்டர்ன் இல்லாட்டி லோன் இல்ல. லோன் இல்லாட்டி ஒம்ம குடோன எப்படி வாங்குவேன்?"

"அதுக்குத்தான் பால்கோவாக்காரர் இருக்காரே" என்றார் பாண்டிதுரை.

முப்பது வருடப் பழக்கம் ஒரு நிமிடம் அந்த அறையில் தலைகுனிந்து நின்றது. குடோன் போயிற்று என்று வேறு யாராக இருந்தாலும் எழுந்திருப்பார்கள். சேக் முகைதீன் எழுந்திருக்கவில்லை. மீசையின் இடது நுனியை முறுக்கினார். பிறகு, நியாயம் கருதி, வலது நுனியையும் முறுக்கினார்.

"சரி மாமா. ஒம்ம இஷ்டம். அப்ப அந்தப் பதினோரு பவுன் ஆரம் எனக்குச் சொந்தம்னு ஆகுது. நான் சொல்லல, சர்க்கார் சொல்லுது. பில்லுல எம்பேரு, டெல்லிலயும் எம்பேரு. லோனுதான் இல்லன்னு ஆயிப்போச்சு. அத அடகு வச்சாவது குடோனுக்கு அட்வான்ஸ் போடுதேன். இசக்கியம்மா மாமியார் வீடு வத்திராயிருப்புதான? போற வழில எறங்கி வாங்கிக்கிடுதேன்."

பாண்டிதுரை சிரித்தார். ஆனால் அடுப்படியிலிருந்து சிரிப்பு வரவில்லை. அவர் மனைவி கருத்தம்மாள்தான் வந்தார், ஈரக்கையோடு.

"என்னண்ணே சொல்லுதிய? எம்மக கழுத்துல கெடக்கது ஒங்க நகையா?"

"காயிதத்துல அப்படித்தான் இருக்கு தங்கச்சி."

"ஏங்க," என்று கருத்தம்மாள் புருசன் பக்கம் திரும்பினார். "சம்பந்தகாரி காதுல இது விழுந்துச்சுன்னா என்ன ஆகும்? 'எரவல் நகையப் போட்டு அனுப்பிச்சா'ன்னு சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவாளே! நாம வித்த வயலுல்லா அது?"

"ஏட்டி, அவரு சும்மா வெளையாட்டுக்கு…"

"டெல்லிக்காரனும் வெளையாட்டுக்கா எழுதி வச்சிருக்கான்?"

உள்ளே டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் இன்னும் பலமாகக் கேட்டது. கருத்தம்மாள் கார்டைக் கொண்டுவந்து சேக் முகைதீன் கையில் கொடுத்தார்.

"எழுதிக்கிடுங்கண்ணே. எம்மக நகை எங்க பேருலதான் இருக்கணும். கேக்குறவன் இங்கன வரட்டும், நான் பதில் சொல்லுதேன்."

பல எல்லைகளைப் பார்த்த பாண்டிதுரை, கட்டிலிலேயே ஒருக்களித்துப் படுத்துக்கொண்டார்.

டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி காலை, சேக் முகைதீன் தனியாக ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். அப்ரோஸ் பேகம் வரவில்லை. அவர் தம் பெயருக்கே ஒரு கார்டு விண்ணப்பித்துவிட்டு, "என் வளையலுக்கு என் கார்டு" என்று அறிவித்திருந்தார். அதற்கான வேலை இருந்தது.

பாதி வேலை முடிந்திருந்தது. பேங்கு வரவு செலவை வைத்து மூன்று வருடத்துக்கும் மாரிச்செல்வி கணக்குப் போட்டு, முந்தின நாளே விக்னேஷ்வரனுக்கு அனுப்பிக் கேட்டிருந்தார். 'இது போதும், தாக்கல் செய்த ரசீது வந்ததும் பதினைந்து லட்சம்' என்று அவர் பதில் போட்டிருந்தார். குடோன் அநேகமாகக் கைக்கு வந்தாயிற்று.

"ஏழு நகையும் உரியவுக பேருக்குன்னு பதிஞ்சாச்சு பாய்," என்றார் மாரிச்செல்வி. "அதக் கழிச்சா இப்ப ஒங்க பட்டியல் இம்புட்டுதான். பாத்துட்டுச் சொல்லுங்க, அனுப்பிருதேன். செத்த நேரம், கீழ போயி ஒரு காயிதம் ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்துருதேன்."

சேக் முகைதீன் மட்டும் கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் இருந்தார்.

சேமிப்புக் கணக்கு வட்டி, நானூற்றுப் பதினெட்டு ரூபாய். ஒரு மில்லின் ஆண்டு விழாவுக்குக் கொடுத்த நாற்காலி வாடகை. அவ்வளவுதான். ஏழு கல்யாணமும் போன பிறகு, முப்பது வருடத் தொழில் அந்தத் திரையில் இரண்டு வரியில் முடிந்துவிட்டது. பக்கத்தில் மாரிச்செல்வி போட்ட கணக்குத் தாள் கிடந்தது. பேங்குக்கு வந்த பணம் மட்டும் அதில் இருந்தது. பிளவக்கல் பக்கத்துக் கல்யாணங்கள் அதில் இல்லை. அங்கே எல்லாம் ரொக்கம். காதுகுத்து, கிடா வெட்டு, சடங்கு வீடு ஒன்றும் இல்லை. ஒரே நாளில் ஒன்பது இடத்தில் தேக்சா நின்ற அந்த வைகாசி முகூர்த்தம் இல்லவே இல்லை.

டெல்லிக்கு அவரைத் தெரியாது என்பது இத்தனை நாள் பெருமையாக இருந்தது. டெல்லிக்குத் தெரிந்த சேக் முகைதீன் இத்தனை சின்ன ஆள் என்பதை அவர் அன்றுதான் பார்த்தார். திரையை இரண்டு தடவை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். ஆள் வளரவில்லை.

மாரிச்செல்வி மேலே வந்தபோது, மேசைமேல் பழைய டைரி ஒன்று இருந்தது. ரப்பர் பேண்டு போட்டது. சமையல் மாஸ்டர்கள் பார்த்ததில்லை, பேங்கு பார்த்ததில்லை. அப்ரோஸ் பேகமும் பார்த்ததில்லை.

"இது என்ன பாய்?"

"ரொக்கத்துக்குப் போன வாடகை. மூணு வருசத்துக்கும் தேதியோட இருக்கு. அதையும் சேத்துரும்மா."

மாரிச்செல்வி புரட்டினார். கால்குலேட்டரை இழுத்துத் தட்டினார். நிமிர்ந்தார்.

"பாய், லோனுக்கு இது தேவையில்ல. சேத்தா மூணு வருசத்துக்கும் இன்னும் எழுபத்தோராயிரம் கூடக் கட்டணும். நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன், இதான் சரி. ஆனா கேக்குதேன். இது யாருக்கும் தெரியாதே?"

"தெரியாதுல்ல," என்றார் சேக் முகைதீன். "அதான் சொல்லுதேன்."

மூன்று சமையற்கட்டுக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய குரல், பக்கத்து மேசைக்குக்கூடக் கேட்கவில்லை. வரியைக் கட்டியதும், ரிட்டர்னை உறுதி செய்யப் போனில் வந்த ஆறு எண்களையும் அதே குரலில் ஒவ்வொன்றாக வாசித்தார். மூன்று ரசீதும் அச்சாகி வந்தன. மடித்து, பான் கார்டு இருந்த அதே பையில் வைத்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஒரு சலூன். உள்ளே கூட்டமில்லை. சேக் முகைதீன் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சேவிங்கா பாய்?"

"மீசைய எடுத்துருப்பா."

சலூன்காரர் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தார். "லேசா ஒதுக்கவா?"

"முழுசா."

ராஜபாளையத்தில் இறங்கியபோது ஐயாதுரை எதிரே வந்தார். முதலில் தாண்டிப் போனார். பிறகு நின்று, திரும்பி வந்து, முகத்தைக் குனிந்து பார்த்தார்.

"பாய், என்ன இது? மீச எங்க?"

"ஒரே அரிப்பா இருந்துச்சு மாஸ்டர்," என்றார் சேக் முகைதீன். "அத விடும். பொங்கலுக்கு எத்தன தேக்சா வேணும், அதச் சொல்லும்."